சாயங்காலத்து நாக்கு

எனக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர்கள் ரேக்ளா பந்தயம் பார்க்க வந்த ஜனங்கள். என்ன, நோயின் பெயரை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார்கள்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்துக்குள் கொஞ்ச தூரம் தள்ளி எங்கள் ஊர். ஒரு தென்னந்தோப்பு, இரண்டு ஜோடி மாடு, ஒரு வாய், இவ்வளவுதான் என் ஆஸ்தி. சுற்றுவட்டாரத்தில் எங்கே மாட்டுவண்டிப் பந்தயம் நடந்தாலும் மைக் என் கையில் இருக்கும். காளைகளைவிடக் கனகராஜின் நாக்கு வேகமாக ஓடும் என்பார்கள். யாரும் சொல்லாத நாளில் நானே மைக்கில் சொல்லிக்கொள்வேன்.

அன்றைக்குக் காலையில் ஜோராகத்தான் ஆரம்பித்தேன். மதியம் தாண்டியதும் 'ர' தடுக்கியது. பிறகு 'ல'வும் சேர்ந்துகொண்டது. வெயில் சாய்கிற நேரத்தில் குரல் மூக்கு வழியாக வர ஆரம்பித்தது. "வெள்ளைக் காளை முந்துகிறது" என்று சொல்லப் பார்த்தேன். ஸ்பீக்கரில் கேட்டது தண்ணீருக்குள் அமுக்கிய ரேடியோவின் சத்தம். நான் ஏதோ வேஷம் கட்டுகிறேன் என்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். அப்புறம் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்:

"ஏனுங் கனகு, இன்னைக்கு எந்த மரத்துதுங்க?"

எந்த மரத்துக் கள் என்று கேட்கிறார். எங்கள் பக்கத்துத் தென்னைகளிலிருந்து இறங்கும் கள் வண்டி ஏறி எங்கெங்கோ உள்ள ஷாப்புகளுக்குப் போகிறது. என் தோப்பிலும் பாதி மரங்களைக் கள் இறக்கத்தான் விட்டிருக்கிறேன். ஆனால் நான் குடிப்பதில்லை. ஒழுக்கசீலன் என்று நினைத்துவிட வேண்டாம், வயிறு ஒத்துக்கொள்ளாது. கள்ளு மரத்துக்காரன் குடிக்காதவன் என்று சொன்னால் எங்கள் ஊர்க் கோழிகூட நம்பாது.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்து. விடிந்தால் நாக்கு சரியாக இருக்கும். பொழுது சாயச் சாயக் குழறும். என் மனைவி சாந்தாமணி மறையூரில் பிறந்தவள், கல்யாணமாகி வந்து எங்கள் பேச்சைப் பேசப் பழகியவள். அவளுக்கு முதலில் சந்தேகம்தான்.

"ஊதுங்க பாக்கலாம்."

ஊதினேன்.

"இன்னொருக்கா ஊதுங்க."

நெடுஞ்சாலை போலீஸ் தோற்றது. தினமும் ஊதவைத்து, ஒன்றும் இல்லை என்று உறுதியான அன்றைக்கு அவள் முகம் தெளியவில்லை. இன்னும் இருண்டது. "குடிச்சிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்குமுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது அப்போதுதான்.

பிறகு குடித்த டீ மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. சோறு தொண்டையில் நின்றது. கழுத்து தலையைத் தாங்க மறுத்தது. தாடைக்குக் கீழே கையை முட்டுக்கொடுத்துத்தான் உட்கார முடிந்தது. பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஆழ்ந்த சிந்தனையில் இருப்பவன் போலத் தெரிந்திருப்பேன். நான் சிந்தித்தது, இட்லியை எப்படி உள்ளே தள்ளுவது என்பதை.

பாலக்காட்டைத் தாண்டிப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். அதற்குள் காலையிலும் லேசான குழறல் வந்திருந்தது. காத்திருக்கும் அறையில் எல்லாருக்கும் தலை நிமிர்ந்தே இருந்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நரம்பு டாக்டர் மலையாளி, எங்களுக்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசினார்.

"இந்தப் பேச்சு எப்போழும் இப்படித்தானா? இல்ல, நேரம் போகப் போகக் கூடுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி முந்திக்கொண்டாள். "எந்நேரமும் இப்படியேதானுங்க சார். குடிப்பழக்கம் சுத்தமா கெடையாதுங்க."

டாக்டர் குடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவள் பஸ்ஸிலேயே முடிவுகட்டி வந்த பதில் அது. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குச் சாயங்காலம் மட்டும் நாக்கு இழுக்கிறது என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். டாக்டரும் அப்படி நினைத்துவிடக் கூடாதே என்று என் மானத்துக்கு முட்டுக்கொடுத்தாள். நானும், கையால் முட்டுக்கொடுத்த தலையை, ஆமாம் என்று ஆட்டிவைத்தேன்.

படுக்கையில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கையில் மின்சாரம் பாய்ச்சி நரம்பைச் சோதித்தார்கள், அதில் கோளாறு தெரியவில்லை. பிறகு நாக்கில் ஊசி. சதைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கேட்பதற்காக மெல்லிய ஊசியை நாக்கிலேயே குத்துவார்கள். ஊரெல்லாம் ஆடிய நாக்குக்கு ஒருநாள் இப்படி ஒரு தண்டனை கிடைக்கும் என்று என் தகப்பனார் எப்போதோ சொன்னது நிஜமாகிவிட்டது.

நாக்கு மெலிந்திருக்கிறது என்றார் டாக்டர். மோட்டார் நியூரான் நோயாக இருக்கலாம் என்றார். மூளையின் உத்தரவைச் சதைக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் அது. எனக்கு வந்திருப்பது போன்ற வகையில் முதலில் பேச்சு போகும், பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சு.

"மருந்துங்க சார்?" என்று கேட்டாள் சாந்தாமணி.

டாக்டர் தன் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அந்தப் பேனாவின் நிறம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கரும்பச்சை.

அதன் பிறகு இருந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. செல்போனில் அந்த நோயைத் தேடிப் படித்தேன். படித்ததை அழித்தேன். அழித்ததை மறுபடி தேடினேன். உடம்பில் எங்கே சதை துடித்தாலும், இதோ, அடுத்த இடம் என்று தோன்றும். நர்ஸிடம் ஏதாவது வேடிக்கை சொல்லப்போவேன். பாதியில் வார்த்தை கூழாகிவிடும். "எந்தா சேட்டா?" என்பார் அவர். ஒரே ஜோக்கைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவந்தால் அது ஜோக்காகவா இருக்கும்? மனு கொடுப்பது போலிருக்கும். பேசாமல் இருக்கப் பழகினேன். அதுதான் எனக்குச் செத்ததுபோல இருந்தது.

சாந்தாமணி இட்லியைப் பாலில் கரைத்து, ஸ்பூனில் கால்வாசி எடுத்து, நான் விழுங்கும்வரை தானும் சேர்ந்து விழுங்குவாள். அவள் தொண்டை அசைவதைப் பார்த்து என் தொண்டை அசையும். ஒருநாள் என் தலை தொங்குவதைப் பொறுக்கமாட்டாமல், ஒரு துண்டை எடுத்துத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். சௌகரியமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஜன்னல் கண்ணாடியில் அதைப் பார்த்தோம். எங்கள் வீடுகளில் அப்படிக் கட்டுவது எப்போது, யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அவசரமாக இழுத்ததில் முடிச்சு இறுகி, அவிழவே இல்லை. கடைசியில் நர்ஸ் கத்திரிக்கோலால் வெட்டினார்.

இந்த நிலைமையில் என் மைத்துனன் முருகேசன் வந்து சேர்ந்தான். சாந்தாமணியின் தம்பி. மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை. அவன் பேச்சு அவன் பிறந்த பக்கத்துப் பேச்சு. எனக்கும் அவனுக்கும் என்றுமே ஆகாது, நான் அவனை மைக்கில் கிண்டல் செய்திருக்கிறேன். கை நிறைய மறையூர் வெல்லத்தோடு வந்தவன், விழுங்கவே முடியாதவன் தலைமாட்டில் அதை வைத்துவிட்டு நின்றான். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்பிய சமயம் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், இதுக்குப் போயி ஊசி, மெசினுன்னு எதுக்குங்க? இவுகளுக்குக் காலைல வாயி கிழியும். பொழுது எறங்குனா நாக்கு இழுக்கும். விடிஞ்சா பழையபடி சலம்புவாக. கள்ளு சார், கள்ளு! எங்க சித்தப்பா மக கல்யாணத்துல நானே பாத்தேன். முகூர்த்தத்துல அம்புட்டுப் பேச்சு பேசுன மனுசன், சாயங்காலம் பந்தியில வாயத் தொறக்கல."

"டேய் முருகேசா, வாய மூடுடா!" என்று சாந்தாமணி கத்தினாள். கோபம் வந்தால் அவளுக்கும் மறையூர் வந்துவிடும். "அவுக மானத்த வாங்கவாடா பஸ்ஸு ஏறி வந்த?"

கதவுவரை போன டாக்டர் திரும்பினார். "எந்தா பறஞ்ஞே? சாயங்காலம் மட்டுமா?"

முருகேசனுக்கு உற்சாகம். "ஆமா சார். ஊரே சொல்லுது."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். "கனகராஜ், ஒன்னு முதல் எண்ணுங்க. சத்தமா. நிறுத்தக் கூடாது."

எண்ணினேன். இருபதுவரை மனிதக் குரல். அப்புறம் மூக்கு. முப்பது தாண்டியதும் வெறும் காற்று. போதும் என்று நிறுத்தி, என்னைக் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார். கொஞ்சம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று, குரல் திரும்பி வந்திருந்தது.

"செத்த நரம்பு ஓய்வெடுத்தா திரும்பி வராது" என்றார். அவர் குரலே மாறியிருந்தது. "இதை ஏன் முதல்லயே சொல்லல?"

சாந்தாமணி சுவரோடு சாய்ந்து அழுதாள். "மானத்தக் காப்பாத்தறேன்னு உங்க உசுரையே வாங்கியிருப்பனேங்க." அவளைத் தேற்ற ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று யாருக்கும் புரியவில்லை, எண்ணியே குரலைச் செலவழித்துவிட்டேன்.

டாக்டர் விளக்கினார். நரம்பும் சதையும் சந்திக்கிற இடத்தில் சில புரதங்கள் இருக்கின்றன. கிருமியை அடிக்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புப் பொருள், ஆள் தெரியாமல் அந்தப் புரதங்களையே அடிக்கும் ஒரு நோய் உண்டு. காலையில் ஓரளவு தெம்பு இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்தச் சதை சோர்ந்துபோகும். முக்கியமாக, அதற்கு வைத்தியம் உண்டு.

நாங்கள் மூன்று பேரும் முருகேசனைத் தெய்வம் மாதிரிப் பார்த்தோம். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப கள்ளு இல்லியா?" என்றான், ஏமாற்றமாக.

சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அந்த எதிர்ப்புப் பொருளைத் தேடும் வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் இரண்டு. இரண்டிலும் 'இல்லை' என்று வந்தது. சதைக்குத் தெம்பூட்டிப் பார்க்கும் ஊசியும் தெளிவாக எதையும் சொல்லவில்லை. இதற்கிடையில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வைத்தியத்தை ஆரம்பிக்கக் கழுத்தில் பெரிய குழாய் போட வேண்டும். காய்ச்சலோடு இருக்கிறவனுக்கு, வெறும் ஊகத்தை நம்பி அதைச் செய்ய டாக்டர் தயங்கினார். பழைய நோயின் பெயர் மறுபடி அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருமுறை கதவு திறந்து மூடியது போல ஆகிவிட்டதால், முன்னைவிட இப்போது பயம் அதிகம்.

அப்போதுதான் வித்யா வந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறவள், பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துப் பெண். இரண்டு பரிசோதனையும் 'இல்லை' என்று வருகிற என்னைப் போன்றவர்களின் ரத்தத்தைத்தான் அவள் ஆராய்கிறாள். நரம்பும் சதையும் சந்திக்கிற அதே இடத்தில் இருக்கும், அந்த இரண்டு பரிசோதனையும் கண்டுகொள்ளாத வேறொரு மனிதப் புரதம் அவளிடம் புதிதாக வந்திருந்தது.

"மனுசப் புரதம்னா?" என்று சாந்தாமணி பின்வாங்கினாள். "யாரு ஒடம்புல இருந்து எடுத்ததுங்க அம்மணி?"

"யாரோடதும் இல்லை மாமி. மனுஷா உடம்புல அந்தப் புரதத்தைப் பண்ணறதுக்கு ஒரு செய்முறை இருக்கோல்லியோ, அதை மட்டும் வேற ஒரு உயிரணுவுக்குள்ள வச்சுடுவா. அது தன் பாட்டுக்குப் பண்ணித் தரும். அதைச் சுத்தம் பண்ணி எடுக்கறது."

"என்ன உயிரணுங்க?"

வித்யா கொஞ்சம் தயங்கினாள். "எலி மாதிரி ஒரு பிராணியோடது. ஹாம்ஸ்டர்னு."

"எலி வவுத்துல பொறந்த மனுசச் சதையா!"

முருகேசன் குறுக்கே விழுந்தான். "அக்கா, எங்க பண்ணையில சீமை மாட்டுக் கருவ எடுத்து நம்மூரு மாட்டு வவுத்துல வைக்கம்ல? நம்ம மாடு ஈனும், கன்னு சீமைக் கன்னு. அது மாதிரிதேன்."

"கிட்டத்தட்ட அதேதான் அண்ணா" என்று வித்யா சிரித்தாள். "கன்னுக்குப் பதிலா புரதம்."

அந்தப் புரதம் வந்த குப்பியை ஒருமுறை போட்டோவில் காட்டினாள். சுண்டுவிரல் நுனி அளவு. அடியில் இருக்கிற தூள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மேலே ஒட்டியிருந்த எழுத்தை வாசித்துச் சொன்னாள்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குச் செலுத்துவதற்கு அல்ல. சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவருக்கு ஏத்தமாட்டீங்கல்ல?"

"மாட்டோம் மாமி. இவரோட ரத்தம்தான் அதுகிட்டப் போகும். ஆனா முன்னாடியே சொல்லிடறேன், இதுல வர்ற முடிவு ரிப்போர்ட் கிடையாது. ஃபைல்ல வைக்கப்படாது. இந்தச் சோதனை சரியா வேலை செய்யறதான்னே நாங்க பாத்துண்டுதான் இருக்கோம்."

சோதனை இப்படித்தான்: ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். பணியாரச் சட்டியை எலிக்குச் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. குழிகளின் அடியில் அந்தப் புரதத்தை ஒட்டவைப்பார்கள். மேலே என் ரத்தத்தின் தெளிந்த நீர். அந்தப் புரதத்தை அடிக்கும் எதிர்ப்புப் பொருள் எனக்குள் இருந்தால், அது போய் ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாது. அப்புறம் நிறம் கொடுக்கும் திரவத்தை ஊற்றினால் ஒட்டியிருக்கும் குழி மஞ்சளாகும். ஒன்றும் இல்லையென்றால் தண்ணீராகவே இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆட்களின் ரத்தமும் வேண்டும் என்றாள். முருகேசன் சட்டைக் கையை மடக்கிவிட்டு, பாதியில் நிறுத்தி, அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"குடிக்கிறவுக ரத்தம் ஆகுமா மேடம்?"

சாந்தாமணி பார்த்த பார்வையில் அவன் அந்த வருஷம் முழுவதும் குடித்தது இறங்கியிருக்கும்.

முடிவுக்குக் காத்திருந்தபோது என் மூச்சு குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று வந்து வந்து கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை இறங்கும். பக்கத்தில் மூச்சுக் கருவியைத் தயாராகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துணி போர்த்தியிருந்தார்கள், நான் பார்க்கக் கூடாது என்று. துணி போர்த்தினால் அது என்ன என்று நினைப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை என்ன? காற்றை இழுப்பேன், நெஞ்சின் பாதியிலேயே நின்றுவிடும். கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடாமலே மேலே வருவது போல. அடுத்த மூச்சை நானே ஞாபகம் வைத்து இழுக்க வேண்டும், மறந்தால் வராது என்று தோன்றும். அதனால் தூங்கப் பயம். வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. இந்த இடத்தில் ஏதாவது சிரிக்கும்படி எழுதலாம் என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை.

ஒரு மத்தியானம் டாக்டரும் வித்யாவும் சேர்ந்து வந்தார்கள். வித்யா செல்போனை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். தட்டின் போட்டோ.

"இது உங்க மச்சினரோடது மாமா. தண்ணி மாதிரி இருக்கு பாருங்கோ. இந்த வரிசை பூரா மத்தவாளோடது. எல்லாம் தண்ணிதான்." விரலை நகர்த்தினாள். "இது உங்களோடது."

மஞ்சள். நல்ல, அடர்ந்த, பூசு மஞ்சள்.

"சந்தேகம் வேண்டாம்னு இன்னொரு தடவையும் பண்ணிப் பாத்தேன். அதேதான் வந்துது."

நோய் இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாய் நிறையச் சிரித்தேன். வித்யா சட்டென்று ஓரடி பின்னால் போனாள். இந்த நோயில் முகத்துச் சதையும் சோர்ந்துபோகும். வாயின் ஓரங்கள் மேலே எழும்பாது, நடு உதடு மட்டும் ஏறிப் பல் தெரியும். கடிக்க வருகிற நாயின் முகம் அது. நல்ல சேதி கொண்டுவந்த பெண்ணைப் பார்த்து நான் பல்லைக் காட்டி உறுமிக்கொண்டிருந்தேன்.

சாந்தாமணி அவள் தோளைத் தொட்டாள்.

"பயப்படாதீங்க அம்மணி. அவரு சிரிக்கிறாருங்க."

அந்தப் போட்டோ ஃபைலுக்குள் போகவில்லை. ஆனால் டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். முன்பு கையில் மட்டும் செய்த மின்சோதனையை அன்றைக்கே என் முகத்துச் சதையில் செய்தார். உத்தரவு கொடுக்கக் கொடுக்கச் சதை பதில் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. இது ஃபைலுக்குள் வைக்கக் கூடிய சாட்சி. காய்ச்சலும் தணிந்திருந்தது. கழுத்தில் குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து, எதிர்ப்புப் பொருள் கலந்த நீரைப் பிரித்துவிட்டு, மிச்சத்தை வேறு நீரோடு சேர்த்து உள்ளே அனுப்பினார்கள். சில தடவை இப்படி. கூடவே எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள். துணி போர்த்திய கருவியை ஒருநாள் துணியோடேயே தள்ளிக்கொண்டு போனார்கள். முதலில் மூச்சு நிறைந்தது. பிறகு கழுத்து நின்றது. ஒரு காலையில் தண்ணீர் குடித்தேன், குடித்தது வயிற்றுக்கே போனது. சாந்தாமணி என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பில்லைப் பற்றி எழுதினால் மறுபடி நெஞ்சு அடைக்கும். தொழுவத்தில் இப்போது ஒரே ஜோடி மாடுதான் நிற்கிறது என்பதோடு விடுகிறேன்.

இதை எழுதும்போது வீட்டில் இருக்கிறேன். மாத்திரை தொடர்கிறது. நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை. திரும்பி வரலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். திரும்பினால் முதலில் நாக்கில்தான் தெரியுமாம். அதனால் பொழுது சாய்கிற நேரத்தில் சாந்தாமணி வேலையை விட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"ஏதாச்சும் பேசுங்க."

கல்யாணமான நாளிலிருந்து என்னை வாயை மூடச் சொன்னவள். ஆனந்தமாகப் பேசுவேன். சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் சிரிக்கமாட்டாள், அவள் கேட்பது ஜோக்கை அல்ல. 'ர'வையும் 'ல'வையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன வாரம் குறும்பு செய்ய எனக்கு நாக்கு அரித்தது. வேடிக்கைக்காக, பேச்சின் நடுவில் ஒரு 'ர'வைக் கொஞ்சம் குழறவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போனாள். ஆஸ்பத்திரிப் பையில் மாற்றுத் துணியை அடுக்குகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய், சும்மா செய்தேன், சும்மா என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒன்று முதல் எண்ணச் சொன்னாள். நூறுவரை எண்ணினேன், ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. நூறு முடிந்த பிறகும் அவள் கை துணியை விடவில்லை. நான் நூற்றி ஒன்றிலிருந்து மேலே எண்ண ஆரம்பித்தேன்.